குளியலறைக்கு ஒரு பச்சை

வெளிர்பச்சை என்று ஒரு நிறம் கிடையாது. கடைக்குப் போய் வெளிர்பச்சை பெயின்ட் வேண்டும் என்று கேட்பவர்கள், சந்தைக்குப் போய் ‘காய் வேண்டும்’ என்று கேட்பவர்களுக்குச் சமம். மஞ்சள் கலந்த பச்சை இருக்கிறது. நீலம் ஒளிந்திருக்கும் பச்சை இருக்கிறது. சாம்பல் தடவிய பச்சை இருக்கிறது, அது கொஞ்சம் படித்தவர்களுக்கு மட்டும் புரியும். தார்வாடில் பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் ஓவியம் கற்பித்தவள் நான். இந்தக் காவல் நிலையத்துச் சுவருக்கு இப்படியொரு காவியைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள் இல்லை என்று தெரியும். அதனால் உங்கள்மேல் எனக்குக் குறையில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மந்தாகினி குல்கர்ணி. வனமாலா என் தங்கை. அவளுக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. சிறுவயதில் அவளுக்குப் பாவாடைத் துணி எடுத்தவள் நான். கல்லூரியில் எந்தப் பாடம் என்று சொன்னவள் நான். வந்த இரண்டு வரன்களில் பெங்களூர்க்காரரைக் காட்டியதும் நான்தான். அவர் குடிப்பார் என்பது பிறகு தெரிந்தது. அதற்கு என்ன செய்வது? நல்ல துணிகூடத் துவைக்கத் தெரியாதவர் கையில் சாயம் போகும்.

அவர் போய்ச்சேர்ந்த பிறகு வனமாலா எங்கள் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டில்தான் இருந்தேன். மயில் உருவத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தாள். அதை எங்கே மாட்டலாம் என்று கேட்டாள். பரணில் என்றேன். சிரித்துக்கொண்டே பரணில் வைத்தாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

கனடாவில் இருக்கும் அவள் மகன் ஸ்ரீநிதி விடுமுறைக்கு வந்தபோது, “இங்க கரன்ட்ட நம்ப முடியல பெரியம்மா, மழைக்காலத்துல அம்மா பச்சத்தண்ணில குளிக்கறா” என்று குளியலறையில் கேஸ் கெய்சர் வைத்துக்கொடுத்தான். மாட்ட வந்த ஆள் வேலை முடிந்ததும் கண்ணாடிப் பட்டை போட்ட சின்ன ஜன்னலைக் காட்டினான்.

“அக்காரே, இத மட்டும் எப்பவும் அடைச்சிராதீங்க. கேஸ் உள்ளயே தங்கிரும். வாசனயே வராது, ஆளு அப்படியே தூங்கிருவாங்க.”

ஸ்ரீநிதி வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தான். வனமாலா அந்த ஆளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். அதைக் காதில் வாங்கியது நான் மட்டும்.

குழாய் பதிக்க உடைத்த சுவரைப் பூசியாயிற்று. இனி வண்ணம் அடிக்க வேண்டும். முன்பு அங்கே இருந்தது வெள்ளை. வனமாலா வெளிர்பச்சை வேண்டும் என்றாள். சரி, ஆசைப்படுகிறாளே என்று நான் ஒரு பச்சையை எடுத்துக்கொடுத்தேன். காய்ந்த துளசியின் நிறம். சாம்பல் கலந்தது.

அவள் அந்த வண்ண அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது வேணாங்க்கா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்றாள்.

அறுபது வயதை நெருங்கும் ஒருத்தி, வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன ‘வேணாம்’ இது. அதைப் போயும் போயும் ஒரு குளியலறைக்குச் செலவழித்தாள்.

பிறகு வந்த நாட்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடையிலிருந்து குட்டி டப்பாக்களாக வாங்கிவந்து சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாகப் பூசினாள். காலையில் ஒருமுறை பார்ப்பாள், விளக்குப் போட்டு ஒருமுறை பார்ப்பாள். பால்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். எதிர்வீட்டுப் பத்மாவதி தேசாயி தினமும் வந்து நின்றாள். சோளரொட்டிக்கும் சப்பாத்திக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு அவளுக்கு. கண் மட்டும் எப்படி இருக்கும்? கடைசியில் வனமாலா தேர்ந்தெடுத்தது வெள்ளரிப்பிஞ்சைக் குறுக்கே வெட்டினால் தோலுக்கு உள்ளே தெரியுமே, அந்தப் பச்சை. சிறுபிள்ளைத்தனமான நிறம். பெயின்டர் மகபூப் சாப் வந்து அடித்துவிட்டு, “வீட்டுலயே இந்த ரூம்தான் அக்காரே உசுரோட இருக்கு” என்றான். கூலி வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்?

அந்த வாரம் பஜனை மண்டலிப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாசர் பதங்கள் பாடி முடித்து, கையில் அவல் தட்டோடு வரிசையாகக் குளியலறையைப் பார்க்கப் போனார்கள். தரிசனம்தான், வேறென்ன. அதற்குள் மூன்று பேர் நிற்க இடமில்லை. முறைவைத்துப் பார்த்தார்கள்.

“யாரு எடுத்த கலருடி இது? கண்ணு குளுந்துபோச்சு” என்றாள் பத்மாவதி, தெரியாதவள்போல.

“நானேதான் எடுத்தேன்” என்றாள் வனமாலா. “அக்காவுக்குப் பிடிக்கல.”

“உங்க அக்காவுக்கு என்னதான் பிடிச்சிருக்கு, சொல்லு? கடவுள் வானத்துக்கு நீலம் அடிச்சதுக்கே அவங்ககிட்ட மார்க் கம்மிதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். வனமாலாவும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சின்ன வயதில் சிரிப்பதைப் போல. நான் கூடத்தில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு என்னைப் பாதித்ததாக எழுதாதீர்கள். அப்படிப்பட்டவர்களின் சிரிப்பு என்னைப் பாதிக்காது.

ஆனால் அந்தச் சுவரில் ஒரு குறை இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. துருப்பிடித்த சட்டமும் அழுக்குக் கண்ணாடியுமாக அந்த ஜன்னல். அந்தப் பச்சையை என்னவாக எடுத்துக்கொண்டாலும், அதன் நடுவில் அப்படியொரு ஓட்டை இருக்கக் கூடாது. வனமாலா பத்மாவதியோடு உடுப்பிக் கோயில்களுக்குப் போயிருந்த நாட்களில் நான் அளவெடுத்து ஒரு பிளைவுட் பலகை வாங்கிவந்து அடித்தேன். விளிம்புகளைப் பட்டி மாவு வைத்து அடைத்தேன். மிச்சமிருந்த அவளுடைய பச்சையையே எடுத்துப் பூசினேன். மகபூப் சாப்பைக் கூப்பிட்டிருந்தால் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பான். காய்ந்ததும் தடவிப் பார்த்தேன். சுவர் எது, பலகை எது என்று தெரியவில்லை.

வனமாலா திரும்பிவந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“நீயாக்கா பூசினே? என் பச்சைலயேவா?”

“உனக்குத்தான் முதுகுல காத்து பட்டா வலிக்குதே.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அப்படிக் கட்டிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. “உனக்குக் கோவம்னு நெனச்சிட்டிருந்தேங்க்கா” என்றாள். அவள் கண் ஈரமாக இருந்தது. உடுப்பிப் பிரசாதத்தை என் வாயில் ஊட்டினாள். நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஓயாத தூறல். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அவள் குளிக்கப் போனாள். கெய்சர் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பதம் பாட ஆரம்பித்தாள். அவளுக்குச் சுருதி எப்போதும் கொஞ்சம் இறங்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். பாட்டு ஓரடியின் நடுவில் நின்றது. சொம்பு விழுந்தது. ஒருமுறை ‘அக்கா’ என்றாள். அலறல் ஒன்றும் இல்லை. சோப்பு தீர்ந்துவிட்டது, எடுத்துக்கொடு என்பதைப் போலத்தான் இருந்தது.

நான் காயை ஆய்ந்து முடித்தேன். கொத்தவரங்காயில் நாரை ஒழுங்காக எடுக்காவிட்டால் பல்லில் மாட்டும். பிறகு கை கழுவிக்கொண்டு பத்மாவதியைக் கூப்பிடப் போனேன்.

அதன்பின் நடந்தது உங்கள் ஆட்களுக்கே தெரியும். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஸ்ரீநிதி விமானத்திலிருந்து இறங்கி நேரே வந்து என் மடியில் முகம் வைத்து அழுதான். “அடைச்சா ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியாது பெரியம்மா, உங்க மேல என்ன தப்பு” என்றான். அதைப் பொறுத்துக்கொண்டேன். சின்னப் பையன். ஆனால் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில், இலைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் பத்மாவதி எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

“பாவம் மந்தக்கா. தங்கச்சிக்குக் குளிருமேன்னு பாசத்துல ஜன்னல அடைச்சிருக்காங்க. படிச்சு என்ன புண்ணியம்? கேஸுக்குக் காத்து வேணும்னு என் வீட்டு வேலைக்காரிக்குக்கூடத் தெரியும்.”

எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருத்தி என் இலையில் இன்னொரு இனிப்பு ஹோளிகே வைத்தாள், புத்தி குறைந்தவளுக்கு வைப்பதைப் போல.

அதனால்தான் வந்தேன். உங்கள் காகிதத்தில் ‘அறியாமையால்’ என்று ஒரு சொல் இருக்கிறதாம். அதை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரியும். ஜன்னலை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் அடைத்தேன். அது நடக்கட்டும் என்றுதான் அடைத்தேன்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? “அவங்க மேல உங்களுக்கு அவ்வளவு வெறுப்பாம்மா?” என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு வயது போதாது, அதனால் சொல்கிறேன். அந்தப் பலகைக்கு மூன்று பூச்சு பூசினேன், ஒவ்வொன்றையும் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து. வெறுக்கிறவளுக்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?