ஆறு மணி வரை அமர்ந்திருங்கள், அம்மையாரே!

திருச்சிராப்பள்ளிப் பன்னாட்டு விமான நிலையத்தில் பயணியர் சேவை மேற்பார்வையாளராக விளங்கி, இன்று பணி நிறைவு காணும் திருமதி சித்ராதேவி அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் மடல்

ஓயாத கால்களுக்கு உரியவரே! ஒலிபெருக்கி தோற்கும் குரலால் ஊர்க்கூட்டத்தையே வரிசையில் நிறுத்த வல்லவரே! வேன் நிறைய வந்து, வாசலிலேயே அழுது, வாசலிலேயே கட்டுச்சோறு பிரித்து, விமானத்தை மறந்து நிற்கும் உறவுகளின் நடுவே பயணியை மட்டும் பிரித்தெடுத்துப் பறக்கவைத்த பண்பாளரே! வணக்கம்.

உங்கள் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. அதில் நீங்கள் அமர்ந்து பார்த்தவர் எங்களுள் எவருமில்லை. உங்கள் கைப்பைதான் அத்தனை ஆண்டுகளும் சொகுசாக வீற்றிருந்தது. “கொஞ்சம் உட்காருங்க மேடம்” என்றால், “உட்கார்ந்தா வாசல் தெரியாதுப்பா” என்று சொல்லி முடிப்பதற்குள் வாசலுக்கே போயிருப்பீர்கள்.

உங்கள் பெருமைகள் அனைத்தையும் எழுதினால் இந்தக் கண்ணாடிச் சட்டம் கொள்ளாது. ஆகவே ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையை நினைவுகூர்கிறோம்.

ஸ்ரீரங்கத்துக் கோமளவல்லி மாமி அன்று கரீபியன் கடலில் உள்ள சாந்த லூமா என்னும் சின்னஞ்சிறு தீவு நாட்டுக்குப் புறப்பட்டிருந்தார். மருமகன் ஸ்ரீநாத் அங்கே மருத்துவக் கல்லூரி ஆசிரியர். மகள் அனுபமாவுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வேறு பெண்கள் இல்லை. துபாயிலும் லண்டனிலும் விமானம் மாறி, தீவுக்கு வாரம் இருமுறை மட்டுமே செல்லும் விமானத்தைப் பிடித்தாக வேண்டும். திருச்சியில் ஒன்றைத் தவறவிட்டால் அத்தனையும் தவறும்.

கவுன்ட்டர் மூடும் வேளை. எல்லாரும் வந்தாயிற்று, மாமியைத் தவிர. வாசலுக்கு ஓடினீர்கள். அங்கே வாடகைக் காருக்குள் மாமி அசையாமல் அமர்ந்திருந்தார். காவிரிப் பாலத்து நெரிசலில் சிக்கி வண்டி வந்து சேர்வதற்குள் நாலரை தாண்டி, ராகு காலம் தொடங்கியிருந்தது.

“சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன் மேடம், இறங்க மாட்டேங்குறாங்க. வண்டிய எடுன்னு அங்க விசில் வேற ஊதுறாங்க” என்றார் ஓட்டுநர் தாஹா.

“மாமி, கவுன்ட்டர மூடப் போறாங்க. வாங்க.”

“ஆறு மணிக்கு வரேன்டிம்மா. பொண்ணு பிரசவத்துக்குப் போறேன், ராகு காலத்துல வாசப்படி தாண்டுவேனா?”

“ஆறு மணிக்கு ஃப்ளைட்டே ரன்வேல ஓடிட்டிருக்கும் மாமி!”

“ராகு காலத்துலயா ஆளை ஏத்தறேள்? அந்தப் பைலட்டுக்கு ஆத்துல எடுத்துச்சொல்ல ஒருத்தரும் இல்லையா?”

மருமகன் சொன்னால் கேட்பார் என்று ஸ்ரீநாத்தை அழைத்தீர்கள், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. உடனே, எங்களில் யாருக்கும் தோன்றாததைச் செய்தீர்கள்: அந்தத் தீவின் விமான நிலையத்தையே அழைத்தீர்கள்! அங்கே அப்போது காலை நேரம். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒரே ஓடுபாதை. தொலைபேசியை எடுப்பவரே பெட்டியும் இறக்குவார், பாஸ்போர்ட்டில் முத்திரையும் குத்துவார். டெல்ராய் என்ற அந்த மனிதர் பேசப் பேச, காரின் ஜன்னலில் குனிந்து நீங்கள் தமிழில் சொன்னீர்கள்.

“டாக்டர் ஸ்ரீநாத்த நல்லாத் தெரியுமாம் மாமி. விடியறப்பவே சம்சாரத்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாராம். இவங்க ஏர்போர்ட் வாசல் வழியாத்தான் கார் போச்சாம்.”

“அனுவையா? வலி கண்டுடுத்தா?”

“ஆமாங்கறார். ‘அம்மா எப்ப வராங்க?’ன்னு கேக்கறார். என்ன சொல்லட்டும் மாமி?”

கார்க் கதவு திறந்தது.

“கொழந்தை ராகு காலம் பாத்துண்டா வரது? ரங்கா, நீயே பாத்துக்கோ! தாஹா, பெட்டியை எடுப்பா! கிளம்பிட்டேன்னு சொல்லுடி அவர்கிட்ட!”

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மாமி முன்னே ஓட, நீங்கள் பின்னே ஓட, கவுன்ட்டர் உங்கள் குரலுக்கு அஞ்சித் திறந்தே இருந்தது. மாமி அட்லாண்டிக் கடலின் மேல் பறந்துகொண்டிருக்கையில் பேத்தி பிறந்தாள். விமானப் படிக்கட்டின் கீழே காத்து நின்று அதை மாமிக்குச் சொன்னவர் டெல்ராய். அதுவரை இங்கே உங்கள் கால் ஓரிடத்தில் நின்றதா? வந்தவர் போனவரிடமெல்லாம் “லண்டன்ல ஏறியிருப்பாங்க இல்ல?” என்று கேட்டு எங்களையும் நிலைகொள்ளாமல் செய்தீர்கள்!

திருச்சிக்கும் சாந்த லூமாவுக்கும் நேர் விமானம் இன்றுவரை இல்லை. ஆயினும் துவாக்குடியிலிருந்து ஒரு மாணவர் போனாலும், கைலாசபுரத்திலிருந்து ஒரு தம்பதி மகனைக் காணப் போனாலும், “இறங்கிட்டாங்களா டெல்ராய்?” என்று நீங்கள் கேட்காமல் இருந்ததில்லை.

இதோ, இந்த மடல் வாசிக்கப்படும் போதும் உங்கள் பார்வை கதவின் மீதுதான் இருக்கும், எங்களுக்குத் தெரியாதா? கவலை வேண்டாம். மாலை விமானத்தை நம் பிரிவின் பூவரசன் பார்த்துக்கொள்கிறார். கவலையெல்லாம் எங்களுக்குத்தான். நாளை ஒரு பயணி குறைந்தால், வாசலுக்கு ஓட யார் இருக்கிறார்கள்?

நோய் நொடி நெருங்காமல், நூறாண்டு கடந்தும் அந்தக் கால்கள் நடக்கட்டும்! நினைத்த ஊருக்கெல்லாம் நீங்களே பயணியாகப் பறந்து வருக!

ஆனால் இப்போதே கிளம்பிவிட வேண்டாம். மீண்டும் பேத்தியிடம் போயிருக்கும் கோமளவல்லி மாமி, முந்தாநாள் டெல்ராயின் தொலைபேசியிலிருந்தே எங்களை அழைத்தார். “சித்ரா ரிடையர் ஆறாளாமே, ஞாயித்துக்கிழமையா? என்னை இழுத்துண்டு போனாளே, அவளை விட்டுடாதேங்கோ! ஆறு மணிக்கு முன்னாடி வாசப்படி தாண்டப்படாது, நான் சொன்னேன்னு சொல்லுங்கோ!”

மாமியின் சொல்லை மீற எங்களுக்குத் துணிவில்லை, மனமும் இல்லை. மணி ஐந்துதான் ஆகிறது. உங்கள் மேசை நாற்காலியையே மேடைக்குத் தூக்கி வந்திருக்கிறோம், கைப்பையையும் எடுத்துவிட்டோம். இன்னும் ஒரு மணி நேரம் நீங்கள் எங்களுடையவர்.

அமருங்கள், அம்மையாரே!

ஆறு மணி ஆகாதிருக்க விழையும்,
பயணியர் சேவைப் பிரிவுப் பணியாளர்கள்
திருச்சிராப்பள்ளி