முதல் மண்

மத்லுபா: ...அந்தக் காயையும் பறிச்சுடு. இலைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு பாரு.

ஓய்னிசா: அது சுண்டைக்காய் அளவுதான்க்கா இருக்கு. அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே.

மத்லுபா: குளிர்காலத்துக்கு அத்தி மரத்தை மண்ணுல புதைக்கும்போது ஒரு காய் உள்ள போகக் கூடாது. காய் அழுகினா கிளையும் சேர்ந்து அழுகும்.

ஓய்னிசா: எடுக்கறேன், எடுக்கறேன். கையெல்லாம் பால். அரிச்சுத் தள்ளுது.

மத்லுபா: உறை போட்டுக்கன்னு காலையிலயே சொன்னேன்.

ஓய்னிசா: உறை போட்டா காய் கைக்குத் தட்டுப்படாது.

மத்லுபா: சாக்குச் சொல்றதுல உன்னை மிஞ்ச இந்தக் குவா ஊர்லயே ஆள் இல்ல. பழுத்தது ஏதாவது மிச்சம் இருந்துதா?

ஓய்னிசா: ஒண்ணே ஒண்ணு.

மத்லுபா: எங்க?

ஓய்னிசா: ...வாயில.

மத்லுபா: அடிப்பாவி! இந்த வருஷத்துக் கடைசிப் பழம்டி அது!

ஓய்னிசா: பாதியைக் குளவி தின்னுருச்சு, மிச்சம்தான் எனக்கு. இனிப்பே இல்லக்கா. பனி பட்டு வெறும் தண்ணி.

மத்லுபா: தின்னுட்டுக் குறை வேற. சரி, கிளையைக் கட்டக் கிழிச்சு வச்ச துணியை எடு. வெயில் இருக்கும்போதே மடக்கணும். குளிர்ந்துட்டா கிளை படக்குனு முறியும்.

ஓய்னிசா: மணி இப்பதான பன்னெண்டு.

மத்லுபா: ரெண்டு மணிக்கு மதில் நிழல் விழுந்துரும். வியாழக்கிழமை மழைங்கறாங்க, ஈர மண்ணைப் போட்டா பூஞ்சை புடிக்கும். இங்க வா, இந்த நாலு தண்டையும் சேர்த்துப் பிடி... எந்தப் பக்கம் சாய்க்கணும்?

ஓய்னிசா: வருஷா வருஷம் நீதான சாய்க்கற? என்னைக் கேக்கற?

மத்லுபா: தெரியுமான்னு கேட்டேன்.

ஓய்னிசா: ...மதில் பக்கம்?

மத்லுபா: போச்சு! மதில் பக்கம் சாய்ச்சா அடியோட பிளந்துக்கும். கன்னா இருந்ததிலேருந்து வாய்க்கால் பக்கம் சாஞ்சு பழகினது. எந்தப் பக்கம்? சொல்லு.

ஓய்னிசா: வாய்க்கால் பக்கம், வாய்க்கால் பக்கம். என்னக்கா, பரீட்சையா வைக்கற?

மத்லுபா: மெதுவா... நுனியைப் பிடிச்சு இழுக்காதே, அடியில அழுத்து. முழங்காலைக் குடு... ஆங், அப்படித்தான்.

ஓய்னிசா: ஐயோ, முறியற சத்தம் கேக்குதுக்கா!

மத்லுபா: அது என் முட்டிடி. நீ அழுத்து... அழுத்து... செங்கல்லை வை. இன்னொண்ணு. அப்பாடா, படுத்துருச்சு.

ஓய்னிசா: பருத்தி மாறு போதுமா, இன்னும் ரெண்டு கட்டு கொண்டு வரவா?

மத்லுபா: போதும். நல்லாப் பரப்பு, கிளை வெளிய தெரியக் கூடாது... ம். இந்தா மண்வெட்டி. முதல் மண்ணை நீ போடு.

ஓய்னிசா: யாரு, நானா?

மத்லுபா: வேற யாரு இருக்கா இங்க?

ஓய்னிசா: எனக்கு இடுப்பு வலி.

மத்லுபா: நேத்துக் கல்யாண வீட்டுல அந்த ஆட்டம் ஆடினப்ப வலிக்கலையாக்கும்?

ஓய்னிசா: அதுல வந்ததுதான் வலியே. அதோட, மாவு பொங்கியிருக்கும்க்கா. நான் போய் அடுப்பு மூட்டி ரொட்டி தட்டறேன், நீ மண்ணைப் போட்டு...

மத்லுபா: மாவு எங்கயும் ஓடாது. நில்லு.

ஓய்னிசா: முதல் மண்ணு போட்டவதான் மார்ச்ல திறக்கணும், வேற கை பட்டா மொட்டு கருகிப்போகும். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வருஷமே நீதான சொன்ன?

மத்லுபா: சொன்னேன். அதான் இந்த வருஷம் நீ போடுங்கறேன். போட்டு, மார்ச்ல நீயே திற.

ஓய்னிசா: எதுக்காம்?

மத்லுபா: எனக்கும் வயசாகுதுல்ல...

ஓய்னிசா: நாப்பத்தொண்ணு ஒரு வயசா? முந்தாநாள் அந்த மாவு மூட்டையைத் தனியாத் தூக்கினியே, அப்ப ஆகலையா?

மத்லுபா: ஏய்... உன் புருஷன் இல்ஹோம் கடைசிப் பிள்ளை. வீடு கடைசிப் பிள்ளைக்குன்னுதான் ஊர் வழக்கம். வீடு உனக்குன்னா மரமும் உனக்குத்தான? மூத்த மருமகளுக்கு என்ன பாத்தியதை?

ஓய்னிசா: ஒன்பது வருஷமா இந்த மரத்துப் பக்கம் என்னை அண்ட விடல. இலையைப் பறி, துணியை எடு, தள்ளி நில்லு... இதுதான் எனக்கு வேலை. இப்ப என்ன திடீர்னு பெரிய மனசு?

மத்லுபா: வாயாடாதே. எப்பத் திறப்ப, சொல்லு?

ஓய்னிசா: வெயில் வந்ததும்.

மத்லுபா: செத்துது மரம்.

ஓய்னிசா: புல்லு முளைச்சதும்?

மத்லுபா: மறுபடியும் செத்துது. பாதாம் பூத்து, அந்தப் பூ உதிர்ந்தப்புறம்தான் திறக்கணும். அதுவும் மேகம் போட்ட நாளா. மண்ணை எடுத்துட்டு மாறை நாலு நாள் அப்படியே விட்டு வைக்கணும். கேக்கறியா?

ஓய்னிசா: கேக்கறேன். கேட்டதும் மறந்துருதே, என்ன பண்ண? பேசாம நீயே மண்ணைப் போடு, நீயே வந்து திற. நான் தொட்டாக் கொன்னுருவேன்.

மத்லுபா: விளையாடாதே ஓய்னிசா! இந்த மரம் போச்சுன்னா என்னால தாங்க முடியாதுடி. என் புள்ளைங்க ரெண்டும் இது அடியிலதான் தொட்டில்ல தூங்குச்சு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், வாங்கிக்க.

ஓய்னிசா: என்னக்கா... கண்ணு ஏன் கலங்குது?

மத்லுபா: அத்திப் பால் தெறிச்சிருச்சு.

ஓய்னிசா: ரெண்டு கண்ணுலயுமா? அக்கா.

மத்லுபா: மார்கிலான் ரோட்டுல மனை வாங்கிப் போட்டிருந்தோமே...

ஓய்னிசா: ம்.

மத்லுபா: வீடு எழும்பிருச்சு. கூரையும் போட்டாச்சு. ஜனவரியில போயிடலாங்கறார் என் வீட்டுக்காரர். போன மாசமே உங்கிட்டச் சொல்லியிருக்கணும். ஒவ்வொரு நாளும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் எந்திரிப்பேன். நீ டீயோட எதிர்ல வந்து உக்காந்ததும் வாய் வராது... ஏதாவது பேசேன்டி. திட்டவாவது திட்டு.

ஓய்னிசா: கூரைத் தகடு நீலம். வாசக்கதவுக்கு இன்னும் வர்ணம் அடிக்கல.

மத்லுபா: ...உனக்கு எப்படித் தெரியும்?

ஓய்னிசா: உன் வீட்டுக்காரர் நம்ம வீட்டு ஏணியை எடுத்துட்டுப் போனவர், ஒரு வாரமாத் திருப்பிக் கொண்டு வரல. பஸ்ஸேறிப் போய்ப் பாத்தேன். ஏணி உன் புதுச் சுவர்ல சாஞ்சு நிக்குது.

மத்லுபா: பாத்துட்டு வந்தும் ஒரு வார்த்தை கேக்கல!

ஓய்னிசா: நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். வந்த அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலக்கா எனக்கு. இல்ஹோம்கிட்டப் பல்வலின்னு சொல்லி வச்சேன்.

மத்லுபா: தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி இப்படி அடம் புடிக்கற? நான் போனப்புறம் மரத்தைப் பாத்துக்க உன்னை விட்டா யாரு இருக்கா? மண்வெட்டியை வாங்கு.

ஓய்னிசா: மாட்டேன். நீ போடு. முதல் மண்ணு நீ போட்டாத்தான் மார்ச்ல நீ இங்க வந்தே ஆகணும்.

மத்லுபா: ...அடி அசடே. அதுக்காகவா?

ஓய்னிசா: பின்ன? மார்கிலான் ரோட்டுக்குப் போனவங்க யாரு சும்மா திரும்பி வந்திருக்காங்க? ஏதாவது ஒரு பிடி வேணும்ல?

மத்லுபா: ஓய்னிசா... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே. அப்படி ஒரு வழக்கமே கிடையாதுடி.

ஓய்னிசா: எது?

மத்லுபா: முதல் மண்ணு, வேற கை, மொட்டு கருகறது, எல்லாம். நான் கட்டின கதை. நீ வாக்கப்பட்டு வந்த வருஷம் மாமியார் எங்களை வேற வீடு பாருங்கன்னாங்க. கையில ஒண்ணும் இல்ல, எங்க போறது? மரத்துக்கு நான் மண்ணு போட்டுட்டேன், மார்ச் வரைக்கும் நகர முடியாதுன்னேன். அவங்களும் நம்பிட்டாங்க. மார்ச் வந்ததும் பழம் வரட்டும்னேன். பழம் முடிஞ்சதும் மறுபடி புதைக்கணும்... இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டிட்டேன், உன் வீட்டுல. அதனால நீ தாராளமாப் போடலாம், யாரு வேணா திறக்கலாம்.

ஓய்னிசா: மூணாவது வருஷமே தெரியும்க்கா. உங்கம்மா காரியத்துக்கு நீ நமங்கான் போயிருந்தப்ப பாதாம் பூ உதிர்ந்துருச்சு. மரம் வெந்துருமேன்னு நான்தான் திறந்து ரெண்டு நாள் காத்து காட்டினேன், நீ வர்ற அன்னிக்குக் காலையில திரும்ப மூடி வச்சேன். ஒரு மொட்டு கருகல. வெளிய சொன்னா மாமியார் உன்னை அனுப்பிருவாங்களேன்னு இன்னி வரைக்கும் மூச்சு விடல... ம், நீயே மண்ணைப் போடு, மார்ச்ல நீயே வந்து திற. நிழல் வருது.