அடிப்பக்கத்து மண்

காரைக் கழுவ வருகிறவர்களில் பெரும்பாலோர் காரின் மேல்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். பானெட்டில் தங்கள் முகம் தெரிந்தால் போதும், திருப்தியாகிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கார் வைத்திருப்பவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் எதைக் கழுவச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்பதிலிருந்து தெரிந்துகொண்டதுதான்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானதுரையின் ஜீப்பைக் கழுவியது நான்தானா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். நீங்களும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பீர்கள். ஆனால் ஆமாம் என்பது முழுப் பதில் ஆகாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் அதிகம் பேசிப் பழகாதவன். நடுவில் நிறுத்தினால் எனக்கு மறுபடி தொடங்க வராது.

சாதிக் பாட்சா என்று ஒரு அரிசிக்கடைக்காரர் வருவார். ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் வருவார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குச் சுத்தமான வண்டியில் போக வேண்டும் அவருக்கு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்து, கழுவி முடித்த ஈரத்திலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு போகிறவர்கள் வேறு. புது வண்டி வாங்கியவர்கள் பூஜையில் வைத்த பொட்டை ஒரு மாதமானாலும் அழிக்க விடமாட்டார்கள். அதைச் சுற்றி விரலால்தான் துடைக்க வேண்டும். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போனவர்கள் தங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன் நேராக என்னிடம் வருவார்கள். வண்டிக்கும் தலைமுழுக்கு உண்டு என்பது அவர்கள் எண்ணம். வண்டிக்குள் கால்மிதியில் ஒரு ரோஜா இதழ் கிடந்தால்கூட அதைத் தொடமாட்டார்கள், என்னை எடுக்கச் சொல்வார்கள்.

போன கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. லாரி வரவழைத்துக் கழுவினேன்.

"சமுத்திரம்னு பேர வச்சுக்கிட்டு தண்ணி லாரிக்குப் போன் போடுதீரே, உமக்கே சிரிப்பு வரலையா?" என்றார் பாட்சா.

வண்டியின் உள்பக்கம் துடைக்கும் அங்காளம்மாள்தான் சொன்னாள்.

"அண்ணாச்சி நாளைக்குப் பதில் சொல்லுவாரு பாய். செத்த பொறுங்க."

அவள் எட்டு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறாள். என் வாயிலிருந்து வராததையெல்லாம் அவளே சொல்லிவிடுவாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

பேசாமல் ஒரே வேலையைப் பல வருடம் செய்கிறவனுக்கு ஏதாவது ஒன்று கைவந்துவிடுகிறது. எனக்கு மண் கைவந்தது. தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு மாதிரி கரையும். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் உடனே இளகாது, சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். அய்யனார் கோவில் பாதைச் சரளை டயர் இடுக்கில் சிக்கிக்கொண்டு கடைசிவரை உதிராது. மில் வாசலில் நின்ற வண்டி என்றால் வைப்பருக்கு அடியில் பஞ்சு இருக்கும். வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வேன். அதை வெளியில் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

வக்கீல் சத்யப்பிரியா அம்மா ராஜபாளையத்தில் குடியிருக்கிறார், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய்வருகிறார். அவருடைய வெள்ளைக் கார் முதலில் மாதம் ஒரு முறைதான் வந்துகொண்டிருந்தது. ஆவணி மாதத்திலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் வரத் தொடங்கியது. முதல் சனிக்கிழமை அவர் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணாச்சி, மேல கழுவாட்டியும் பரவால்ல. அடியில நல்லா அடிச்சு விடுங்க. மட்கார்டுக்குள்ள ஒரு பொட்டு மண்ணு இருக்கக் கூடாது."

அங்காளம்மாள் சிரித்தாள். "மத்தவியள்லாம் மூஞ்சிக்குப் பவுடர் கேக்காவ. நீங்க உள்ளங்காலக் கழுவச் சொல்லுதீங்களே மேடம்."

அவரும் சிரித்தார். ஆனால் வேலை முடிந்ததும் குனிந்து, போன் வெளிச்சத்தை அடித்து, நான்கு சக்கரத்துக்கு உள்ளேயும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் மண்ணைப் போக்க வரவில்லை, மறைக்க வருகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லியிராவிட்டால் நான் அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த மண்ணில் மூன்று இருந்தன. கண்மாய்க் கரையின் கருத்த வண்டல். தென்னைநார்த் தூள். அதன்மேல் சாம்பல். மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். வ. புதுப்பட்டியைத் தாண்டி, கண்மாய்க் கரையோடு போகும் பாதையில், மூடிப்போன நார்க் கம்பெனி ஒன்று இருக்கிறது. கழிவை இப்போதும் அங்கேதான் எரிக்கிறார்கள். அதற்கு அப்பால் ஒரே ஒரு தோப்பு, மோட்டார் ரூம், கிணறு. என் மனைவியின் ஊர் அதற்கு அடுத்தது. அந்த வழியாக எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை பின் சீட்டில் ஒரு துண்டு பேண்டேஜ் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. தீப்புண்ணுக்குப் போடும் மருந்து வாடை. அங்காளம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்துப் போட்டாள். நான் பேப்பர் ஒரு வரி விடாமல் படிக்கிறவன். அனுமதி இல்லாத பட்டாசு ஷெட்டில் ஆறு பேர் வெந்துபோன வழக்கு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே முதலாளி வெளிக்கதவைப் பூட்டினார். அதைக் கண்ணால் பார்த்து, கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து பிழைத்தவர் பேச்சிமுத்து ஒருவர்தான். செத்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடுகிறவர் சத்யப்பிரியா அம்மா. சாட்சி சொல்லும் நாள் வரைக்கும் பேச்சிமுத்துவை அவர் எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறார் என்று பேப்பரில் வந்தது. எங்கே என்று பேப்பருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஞானதுரை அந்த முதலாளியின் மைத்துனர். அதுவும் எனக்குத் தெரியும். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தெரியாமல் செய்ததாக நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்.

அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை, சாட்சி நாளுக்கு நான்கு நாள் முன்பு. நல்ல வெயில். ஜீப்பை விட்டுவிட்டு நிழலில் நின்றார். அங்காளம்மாள் கால்மிதியை உதறிக்கொண்டே வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்தாள்.

"எங்க அண்ணாச்சி மண்ணப் பாத்தே ஊரச் சொல்லிப்புடுவாரு, தெரியுமா சார்? வாயத்தான் தொறக்க மாட்டாரு."

"அப்படியா? எங்க, இந்த வண்டி எங்க போயிட்டு வருதுன்னு சொல்லும் பாப்போம்."

நான் குனிந்து பார்த்தேன். "நேத்து சாத்தூர்ப் பக்கம் கரிசக்காட்டுல போயிருக்கீங்க. இன்னைக்குக் காலைல மலையடிவாரம். நடுவுல எங்கயோ சுண்ணாம்புக் குழிகிட்ட நிப்பாட்டியிருக்கீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏயப்பா. நீரு என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் வேலைக்குச் சேந்துராதீரும். நான் செத்தேன்."

நானும் சிரித்தேன். எனக்கு அது நன்றாக இருந்தது. அவர் அங்காளம்மாளை டீ வாங்கி வர அனுப்பினார். அவள் ரோட்டைக் கடக்கும் வரைக்கும் பேசவில்லை. பிறகு, அதே சிரித்த முகத்தோடு கேட்டார்.

"அந்த வக்கீலம்மா வண்டியும் இங்கதான வருது. அதுல என்ன மண்ணு இருக்கும்?"

மிரட்டவில்லை. எதையும் தருவதாகச் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்தால் சாதாரணமாக எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவர் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். என் மௌனம் முடியட்டும் என்று ஒரு மனிதர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. சரளை மண் என்று சொல்லியிருக்கலாம். அய்யனார் கோவில் பக்கம் என்றால் அவர் மலையடிவாரம் முழுக்க ஒரு மாதம் தேடியிருப்பார். அந்தப் பொய் எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அது மண்ணைத் தப்பாகச் சொல்வதாகிவிடும்.

கண்மாய் வண்டல் என்றேன். நார்த் தூள் என்றேன். சாம்பல் என்றேன். இடத்தின் பெயரை நான் சொல்லவில்லை. மூன்றும் சேரும் இடம் எது என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜீப் திரும்பவும் வந்தது. ஞானதுரையே ஓட்டிவந்தார். அவர் கண்கள் தூங்காத கண்களாக இருந்தன.

"அடியில நல்லா அடிச்சுரும்" என்றார். அதற்கு முன் ஒரு நாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

ஜீப்பை ரேம்பில் ஏற்றித் தண்ணீர் அடித்தேன். முதலில் சாம்பல் போனது. பிறகு தூள். பிறகு வண்டல், கருப்பாக, மெதுவாக. நான் சொன்ன மூன்றும் அப்படியே வந்தன. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். விடுகதைக்குச் சொன்ன விடை சரியாக இருந்தால் மனசுக்குள் லேசாக ஒன்று தோன்றுமே, அதுதான். பின் பலகையில் மண் அல்லாத ஒன்றும் இருந்தது. அதையும் கழுவினேன். வழக்கமாக முக்கால் மணி நேரம் ஆகும், அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்காளம்மாள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள். அவளை இதில் சேர்க்காதீர்கள்.

திங்கட்கிழமை பேச்சிமுத்து கோர்ட்டுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவரைத் தோப்புக் கிணற்றிலிருந்து எடுத்தீர்கள். பேப்பரில் படித்தேன். அந்த வாரமே ஞானதுரையையும் பிடித்துவிட்டீர்கள். இடம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மையா, என்னை மறந்துபோனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். முந்தாநாள் அங்காளம்மாள் கண்ணாடி துடைத்துக்கொண்டே பேசினாள்.

"பேச்சிமுத்து பொண்டாட்டிதான் காட்டிக் கொடுத்துட்டான்னு ஊரே பேசுது அண்ணாச்சி. அந்தப் புள்ள வெங்கடேஸ்வரிக்கும் வக்கீலம்மாவுக்கும் மட்டுந்தான அந்த எடம் தெரியுமாம். பதினாறு அன்னைக்கு அவ வீட்டு வாசல்ல ஒருத்தர்கூட மிதிக்கலையாம். தண்ணி எடுக்கப் போனா வழியில நின்னு துப்புதாவளாம்."

"நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டேன்.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்பது அபூர்வம்.

"கட்டுனவன் வெந்து கெடக்கும்போது மருந்து போட்டவ, அவளா சொல்லுவா?" என்றாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வெங்கடேஸ்வரி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னது நான்.

இதோடு முடிந்தது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. நீங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு வக்கீலம்மா வந்தார். அதே மண். பேச்சிமுத்துவை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அன்று முகம் தெளிவாக இருந்தது.

"திங்கக்கிழம ஒரு பெரிய வேல முடியுது அண்ணாச்சி. அதுக்குப் பொறவு வாரா வாரம் வந்து உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார்.

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

"ஒண்ணு சொல்லட்டா? இந்த மூணு மாசத்துல நான் நிம்மதியா உக்காருற ஒரே எடம் இதுதான். வீட்டுல கேள்வி, கோர்ட்டுல கேள்வி. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்த கேட்டதில்ல."

அப்போது சொல்லியிருந்தால் போதும். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் பேச்சிமுத்துவைக் கூட்டிவந்திருப்பார். பகல் மிச்சம் இருந்தது, இரவு முழுவதும் இருந்தது. புதுப்பட்டிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனக்கு இது எல்லாம் அப்போதே தெரிந்திருந்தது. வாயைத் திறக்கக்கூடச் செய்தேன். ஆனால் ஆபத்து என்று சொன்னால், அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால், அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இனி ஒருபோதும் பார்க்கமாட்டார். என்னை ஒருவர் நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டிருப்பதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் புதிது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு உயிரைவிட அது பெரிதா என்று கேட்பீர்கள். அந்த நாற்பது நிமிடமும் அது பெரிதாகத்தான் இருந்தது.

"கழுவியாச்சும்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் அன்று குனிந்து பார்க்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை நடந்ததை வக்கீலம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன். ஜீப்பைக் கழுவியது நான் என்பது வரைக்கும் அவருக்குச் சொன்னால் போதும்.