தட்டச்சு செய்யாத மனு

காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பால் காய்ச்சுவேன். ஒரு தம்ளருக்கான அளவு இன்னும் பிடிபடவில்லை, மீந்துவிடுகிறது. குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எட்டே காலுக்குப் பஸ் பிடிப்பேன்.

அரசுத் துறைகளில் நடக்கும் தவறுகளைப் பற்றிப் புகார் வாங்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. புகார் தருகிற ஊழியர் யாரென்று வெளியே தெரியக்கூடாது. சட்டம் அப்படி. மூல மனுவை பீரோவில் வைத்துப் பூட்டுவேன். பெயர் இல்லாமல் அதைத் திரும்பத் தட்டச்சு செய்து, அந்தப் பிரதியை மட்டும் துறைக்கு அனுப்பி விளக்கம் கேட்பேன்.

என் மனைவி குடிநீர்த் துறை ஆய்வகத்தில் இருந்தாள். பரிசோதனைக்காகத் தெருக் குழாய்களில் பிடிக்க வேண்டிய தண்ணீரை அங்கே குளோரின் கலக்கும் அறைக்குப் பக்கத்திலேயே பிடித்து, சுத்தம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே தெருவில் மூன்று குழந்தைகள் இறந்த பிறகு அவள் தன் கைப்பட நான்கு பக்கம் எழுதினாள். தபாலில் சேர்த்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள்.

"உங்க ஆபீஸ்ல பூட்டு நல்லாத்தான் தொங்குது. சாவி யார்கிட்டன்னுதான் கவலை" என்று சிரித்தாள்.

"என்கிட்டதான்."

"அப்ப இன்னும் கவலை."

மனு என் மேஜைக்கு வந்தது. பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டினேன். தட்டச்சு செய்யவில்லை. அப்படியே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். ஆய்வகப் பதிவேடு முழுக்க அவள் எழுத்துதான். பெயரை மறைக்க வேண்டும் என்பது விதி. மறைத்தேன்.

அவசரத்தில் செய்ததல்ல. அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவார், பயந்துபோய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வாள், வீட்டில் நிம்மதி இருக்கும் என்று நினைத்தேன். விட்டுவிடு என்று அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய மேலதிகாரியான பொறியாளர் போன் செய்தார்.

"கிடைச்சுது தம்பி. தினம் பார்க்கிற எழுத்தாச்சே, தெரியாதா? நாங்க பார்த்துக்கறோம்."

நன்றி சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் அவளை மட்டும் தனியாக மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எடுக்க அனுப்பினார்கள். அவள் விழுந்து இறந்ததைப் போலீஸார் விபத்து என்று எழுதி முடித்தார்கள். அவளுக்கு வேண்டாதவர்கள் யாராவது உண்டா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். நான் அவளைத் தள்ளவில்லை. காட்டிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

அன்று தொட்டியில் ஏறுவதற்கு முன் அவள் எனக்குப் போன் செய்தாள். ஏணி துருப்பிடித்திருக்கிறது, ஏறக்கூடாது என்று கட்டியிருந்த பலகையை இன்று காணோம் என்றாள். இவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்குமோ என்று கேட்டாள். இருக்காது என்றேன். ஏறாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

போனை வைப்பதற்கு முன் சொன்னாள்:

"நல்லவேளைப்பா, அது உன் கைக்கு வந்துச்சு. வேற யாராவதுன்னா என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாங்க."