பதிவேட்டைத் தராத சித்தி பரீதா

கப்பல்கள் வந்து களைப்பாறும் கோணமாமலைத் துறைமுகத்தின் காற்றோடு வந்து இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் பேரவையே! அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் கலீலுர் றஹ்மான் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் முதிர்ந்த பெரியோரே! உலை வைத்துவிட்டு ஓடி வந்து நூல் எடுத்துச் செல்லும் தாய்மாரே! முன்வரிசையில் கூச்சத்தோடு தலைகுனிந்திருக்கும் எங்கள் நூலகர் சித்தி பரீதா அவர்களே! நூலகக் குழுச் செயலாளன் ஞானசேகரத்தின் பணிவான வணக்கங்கள்!

தலை நிமிருங்கள், மகளே! இன்று தலைகுனிய வேண்டியவன் நான். ஏன் தெரியுமா? சொல்கிறேன்.

இவ்வாண்டு தை மாதம், மஹ்ரூப் கடைத் தொலைக்காட்சியில் ஒரு துப்பறியும் நாடகம் ஓடியது. துப்பறிவாளர் நூலகத்துக்குள் நுழைகிறார். மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறார். நூலகப் பெண் நடுங்கிக்கொண்டே, நூல் எடுத்தோர் பதிவேட்டை நீட்டுகிறாள். நஞ்சைப் பற்றிய நூலை எடுத்தவன் எவனோ அவனே கொலைகாரன்! நாங்கள் கைதட்டினோம். பின்னால் யார் சிரிப்பது? ஓம் ஐயா, நீங்களும்தான் தட்டினீர்கள்!

அடுத்த கிழமை, எங்கள் ஊர் மீனவர் முஹம்மது தம்பியின் தோணி இயந்திரம் களவு போனது. மரம் சிதையவில்லை; ஓர் ஆணி வளையவில்லை. கழற்றத் தெரிந்த கையின் வேலை! உடனே கூட்டத்தில் ஒரு குரல்: "லைப்ரரியில எஞ்சின் திருத்துற புத்தகம் இருக்கெல்லே? ஆர் எடுத்ததெண்டு பாருங்கோவன்!"

முப்பது பேர் புறப்பட்டோம். முன்னால் நடந்தவன் நான்.

"பிள்ளை, அந்தப் பதிவேட்டை ஒருக்காத் தாங்கோ."

"ஏலாது சேர்."

"ஏனாம் ஏலாது?"

"நீதவான்ட உத்தரவோட பொலிஸ் வரட்டும், தாறன். வாசிச்ச ஆக்கள்ட பேர ஊருக்குக் காட்டுறத்துக்கு நான் இந்தக் கதிரையில இருக்கல்ல."

"நாடகத்தில அந்தப் பொம்பிளை குடுத்தவதானே?" என்றார் ஒருவர்.

"அது அரை மணித்தியாலத்துல முடியோணும், கள்ளனப் பிடிச்சே ஆகோணும். எனக்கு அந்த அவசரம் இல்ல."

வேலை போகும் என்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் மிரட்டினேன். அவர் பதிவேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டின் திறப்பு கைக்குள், அலுமாரிக் கதவோடு முதுகு. கால் நகர்ந்ததா? இல்லை! குரல் தளர்ந்ததா? இல்லை! முப்பது பேர் திரும்பி நடந்தோம்.

நான்காம் நாள் பொலிஸார் புல்மோட்டையில் இயந்திரத்தைக் கண்டெடுத்தார்கள். திருடியவர் ஒரு பழைய சாமான் தரகர். நூலக வாசலையே மிதித்தறியாதவர்!

கதை முடிந்ததா? முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் குழுக் கூட்டத்துக்கு இறக்கக்கண்டியிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் ராசமலர். கை முறிந்து வீட்டோடு இருக்கும் மீனவர் வேலனின் மனைவி.

"அந்தப் புத்தகம் எடுத்தனான் நான்தான். மூண்டு தரம் எடுத்தனான். இவற்ர எஞ்சினைக் குசினிக்குள்ள வைச்சுக் கழற்றிக் கழற்றிப் பழகினனான். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலையெண்டு சிரிப்பியளெண்டுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அண்டைக்கு என்ர பேர் தெரிஞ்சிருந்தா, நீங்கள் முப்பது பேரும் எங்க வந்து நிண்டிருப்பியள்?"

எங்கே நின்றிருப்போம், பெரியோரே? அவர் வீட்டு முற்றத்தில்! குசினி அடுப்படியில் கழற்றிப் போட்டிருந்த இயந்திரத்தைக் கண்டு என்ன சொல்லியிருப்போம்? கள்ளி என்றிருப்போம்! பசியோடு படித்த ஒரு பெண்ணைப் பழியோடு புதைத்திருப்போம்!

எழுந்தேன். எல்லோர் முன்னிலையிலும் சித்தி பரீதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றே தீர்மானம் எழுதினோம்: நீதிமன்றம் கேட்டாலன்றி, ஒருவர் படித்ததை இன்னொருவருக்குச் சொல்வதில்லை. ஒருவரும் எதிர்க்கவில்லை!

மணல் ஏறிப் பழுதாகி வந்த முஹம்மது தம்பியின் இயந்திரத்தைத் திருத்திக் கொடுத்தவர் யார்? ராசமலர்தான்! கைதட்டுங்கள், இம்முறை நாடகத்துக்கு அல்ல! இன்று இறக்கக்கண்டியில் எந்தத் தோணி முக்கினாலும் முனகினாலும் அவர் வாசலுக்குத்தான் வருகிறது.

எங்கள் தீர்மானமும் ராசமலரின் கதையும் பரவிய பின், எழுபத்தொரு பெண்கள் எங்கள் நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் எதைப் படிக்கிறார்கள்? எனக்குத் தெரியாது! தெரியாது என்று இத்தனை பெருமையோடு நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை!

செவி தந்த சபைக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், எனக்குப் பாடம் புகட்டிய சித்தி பரீதாவுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. ஸலாம்! வணக்கம்!