மூவாயிரம் கிலோமீட்டர்

டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றி ஒரு நாள் ஓட்டினாலே போதும், அது கறுத்துவிடும். கறுத்ததால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் கரியை வழித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இது மெக்கானிக்குகளுக்குத் தெரியும், வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டதற்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. அதனால் இதிலிருந்தே எழுதத் தொடங்குகிறேன்.

என் பெயர் மோனப்பா. கொட்டிகெஹாராவில், சார்மாடி மலைப்பாதை இறங்குவதற்குச் சற்று முன்னால், இருபத்தாறு வருஷமாக ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். என் வேலையில் குறை சொல்லி யாரும் வாசலில் வந்து நின்றதில்லை. மனைவி பதின்மூன்று வருஷத்துக்கு முன் பெல்தங்கடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. பிள்ளைகள் இல்லை. மழைக்காலம் வந்தால் நாலு மாதம் எதிர்க்கடைக்காரன் முகம்கூடத் தெரியாத அளவுக்கு மூட்டம். ரேடியோ பேசும், நான் கேட்பேன். நான் பேசினால் கேட்க ஆள் கிடையாது. இரக்கப்பட வேண்டும் என்று இதை எழுதவில்லை. விவரம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தர்ணப்ப கௌடர் முதன்முதலில் என் பட்டறைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மூன்று ஏக்கர் காப்பித் தோட்டமும், ஆள் ஏற்றுகிற ஒரு ஜீப்பும் அவருக்கு இருந்தன. நான் ஆயிலைச் சூட்டோடு இறக்கி, கடைசிச் சொட்டு விழும்வரை விட்டுவிடுவேன். நாற்பது நிமிஷம் ஆகும். டவுனில் பத்து நிமிஷத்தில் உறிஞ்சி எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது வெறும் கண்துடைப்பு. அன்று அந்த நாற்பது நிமிஷமும் கௌடர் பழைய டயர் மேல் உட்கார்ந்து, நான் போட்ட வெல்லக் காப்பியைக் குடித்துக்கொண்டு பேசினார்.

"என்ன மாராயா, சொட்டுச் சொட்டா விழுது. என் ஜீப்புக்கு நீர்க்கடுப்பா?"

"உக்காருங்க கௌட்ரே. அவசரப்பட்டா எஞ்சினுக்குத்தான் கேடு."

"எஞ்சினுக்கா, உனக்கா? நான் போயிட்டா நீ யார்கிட்ட வாயடிப்ப?"

மனிதர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

ஆயில் டப்பாவில் ஐயாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். மலைப்பாதை, சுமை எல்லாம் பார்த்தால் நாலாயிரத்தில் மாற்றுவது நியாயம். நான் அவரிடம் மூவாயிரம் என்றேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டுவேன். "ஐயோ, தார் மாதிரி ஆயிருச்சே" என்று அவரே சொல்வார். நான் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. மூவாயிரம் ஓட அவருக்கு இரண்டு மாதம் ஆகும். வருஷத்துக்கு ஆறு தடவை, தடவைக்கு நாற்பது நிமிஷம். மொத்தம் நாலு மணி நேரம். ஒரு வருஷத்தில் நான் ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேசியது அவ்வளவுதான். மற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த ஏப்ரலில் கௌடர் கையில் ஒரு புது டப்பாவோடு வந்தார்.

"மாப்பிள்ளை பெங்களூர்லருந்து குடுத்தனுப்பினான். இத ஊத்தினா பத்தாயிரம் ஓடுமாம். கறுக்குறது கெடுதலே இல்லையாமே. இத்தனை வருஷமா கறுப்பைக் காட்டியே என்னைப் பயமுறுத்திட்டியே மாராயா."

"மலைக்கு அதெல்லாம் ஒத்துவராது கௌட்ரே."

"வரும் வரும். இனி ஏழு மாசத்துக்கு உன் மூஞ்சில முழிக்க வேண்டாம். தப்பிச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். ஆயில் மாற்றாமல் சும்மாவும் ஒரு நாள் வரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. சும்மா வாருங்கள் என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. என்ன காரணம் சொல்லிக் கூப்பிடுவது?

வெற்றிலை வாங்க அவர் எதிர்க்கடைக்குப் போனார். பட்டறைக்குப் பின்னால் பழைய ஆயில் பீப்பாய் இருக்கிறது. வேலிக் கம்பங்களில் கரையான் ஏறாமல் இருக்கப் பூசுவதற்கு ஊர்க்காரர்கள் எடுத்துப்போவார்கள். அதிலிருந்து எடுத்து, துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, அவருடைய ஜீப்பில் ஊற்றினேன். பழைய ஃபில்டரையே துடைத்து மாட்டினேன். மறுநாள் அவர் கம்பியை உருவிப் பார்த்தாலும் கறுப்பாகத்தான் இருக்கும். கறுப்பு கெடுதல் இல்லை என்றுதான் மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்திருக்கிறாரே. பிறகு அடுத்து ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை ஒரு சீட்டில் எழுதி, வழக்கம்போல் முன்கண்ணாடி மூலையில் ஒட்டினேன். அவர் சொன்னபடி பத்தாயிரம் கூட்டியே எழுதினேன்.

என் எண்ணம் இதுதான். மூவாயிரம் வாக்கில் எஞ்சின் உள்ளே தேய்ந்து, சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கட்டி இழுத்து என்னிடம்தான் கொண்டுவருவார். எஞ்சினை இறக்கி, கிராங்க்கை ஹாசனுக்கு அனுப்பி லேத்தில் கடைந்து வாங்கி மாட்டுவதற்கு இருபது நாள் ஆகும். ஜீப் இல்லாமல் அவருக்கு வேறு வேலையும் கிடையாது. தினமும் வந்து உட்காருவார். 'நீ சொன்னது சரிதான் மோனப்பா' என்று ஒரு வார்த்தையும் சொல்வார். அது போதும் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம், நல்ல மழையில் வந்தார். ஜீப்பை விட்டு முழுசாக இறங்கக்கூட இல்லை.

"மேடு ஏறுறப்ப டக்டக்னு ஒரு சத்தம் வருது. என்னன்னு பாரு."

பானெட்டைத் தூக்கிக் கேட்டேன். கிராங்க் பேரிங் போய்க்கொண்டிருந்தது. காது உள்ள எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவான். அப்போதே பிரித்தால் பேரிங் மட்டும் மாற்றினால் போதும், நாலு நாள் வேலை. முழுதாகப் பிடித்துக்கொண்டால்தான் இருபது நாள்.

"நாளைக்கு மங்களூருக்கு எறங்கணும். குழந்தைக்கு முப்பது நாள் ஆச்சு, மகளையும் பேரனையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். வண்டி தாங்குமா மோனப்பா?"

"ஒண்ணும் ஆகாது கௌட்ரே. போங்க."

காப்பி போடட்டுமா என்று கேட்டேன். தொட்டில் கட்டக் கயிறு வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மலைப்பாதையில் இறங்கும்போது ஒரு வளைவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. மழையில் ரோடு வழுக்கல். ஜீப் தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. அவர் அங்கேயே இறந்துபோனார். போகும்போது நடந்ததால் அவர் ஒருவரோடு போயிற்று. திரும்பும்போது நடந்திருந்தால் வண்டியில் மகளும் குழந்தையும் இருந்திருப்பார்கள். சார், உங்கள் மனதில் ஓடுவது புரிகிறது. ஆமாம், போங்க என்று சொல்லும்போது எனக்கு அது தெரியும்.

ஜீப்பை மேலே ஏற்றியபின் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டீர்கள். கம்பியை உருவி எல்லோருக்கும் காட்டினேன். "மூவாயிரத்துல மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பத்தாயிரம் ஓடட்டும்னு விட்டுட்டாரு" என்றேன். கறுப்பைப் பார்த்ததும் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

பதினோராம் நாள் காரியத்துக்குக் கௌடர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சுசீலம்மா என்னைப் பார்த்ததும் அழுதார். "மோனப்பண்ணா, நீங்க சொன்னத அவரு கேக்கலியே. அந்தப் பாவி பேச்சக் கேட்டுல்ல போய்ச் சேந்தாரு" என்றார். மாப்பிள்ளையை வீட்டுக்குள் விடவில்லை. மழையில் வாசலுக்கு வெளியே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு முதல் பந்தியில் இலை போட்டார்கள். ஜீப்பைப் பற்றி ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அன்று என்னிடம் எத்தனையோ பேர் பேசினார்கள்.

நேற்று நீங்கள் உடைந்த கண்ணாடியில் ஒட்டியிருந்த என் கையெழுத்தைப் பார்த்தீர்கள். அதிலிருந்து பத்தாயிரத்தைக் கழித்து, மீட்டரோடு ஒப்பிட்டீர்கள். ஆயில் மாற்றியபின் ஜீப் ஓடியிருந்தது 2,740 கிலோமீட்டர்.

"உன் கணக்குப்படியே இன்னும் எரநூத்தி அறுபது இருக்கேய்யா. அப்புறம் எப்படி ஆயில் கெட்டுச்சு?" என்று கேட்டீர்கள்.

இருபத்தாறு வருஷத்தில் ஆயிலைப் பற்றி என்னிடம் ஒருவர் உருப்படியாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை.

மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய டப்பா சீல் உடையாமல் என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சுசீலம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு முடியாது. பீப்பாயிலிருந்து எடுத்து ஊற்றியது நான். சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்தே அனுப்பிவைத்ததும் நான்.

முன்விரோதம் ஏதாவது உண்டா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள் சார். பதினோரு வருஷத்தில் நான் அவரைப் போங்க என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுகூட, அவர் சீக்கிரம் என்னிடம் திரும்பி வரவேண்டும் என்றுதான்.