மூணாவது மருந்து

“நெல்லுல குலைநோய்ப் பூஞ்சை வந்தா மாத்துற மாதிரி, புள்ளைக்கும் மருந்த மாத்தித்தான் அடிக்கணும் மாப்ள.”

ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு தாய்மாமனும் மருமகனும்.

“ஆறு நாள் புள்ள மாமா. ரத்தத்துல பூஞ்சை. ரெண்டு மருந்துக்குக் கேக்கல, இன்னைக்கு மூணாவது ஆரம்பிச்சிருக்காங்க.”

எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று, அவர்கள் சாய்ந்திருந்த கம்பியிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்தேன், மூச்சையும் சற்று அடக்கிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதுப் பச்சிளங்குழந்தை நான்.

“நீ பொறந்தன்னைக்குக் குத்தகை கேஸ் ஜெயிச்சுது. உங்க தாத்தா கோர்ட்லேருந்து வந்து, கையக்கூடக் கழுவாம உன் வாயில சீனித்தண்ணி வச்சாரு. நீ அவரு விரல விடவே இல்ல.”

“ஆஸ்பத்திரில என்னையே தொட விடல மாமா.”

“பேரு வச்சாச்சா?”

“பொழச்சதும் வைப்போம்னு அவ அழுவுறா.”

“இப்பவே வைடா. கண்ணாடிக்கு வெளியில நின்னு என்னன்னு கூப்புடுவ?”